டானிக் குடித்து ஓடிய நாட்கள்

எனக்கு அரசாங்க வேலை கிடைத்ததே என் கால்களால்தான். எழுபதுகளில் பள்ளிக்கூடத்திலும் பிறகு கல்லூரியிலும் எண்ணூறு மீட்டர் ஓடினேன். புதுச்சேரிக்காக வெளியூர்களுக்குப் போய் ஓடி, இரண்டு மூன்று தடவை மெடலோடு திரும்பியதில், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அலுவலகத்தில் கிளார்க் ஆனேன். மறு வருடமே கல்யாணம். அதோடு ஓட்டம் நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. முதல் பிள்ளை, டைபாய்டு, இரண்டாவது பிள்ளை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் ஓடுவதற்கு நேரமில்லாமல் போயிற்று.

எண்பதுகளின் தொடக்கத்தில் நெல்லித்தோப்பில் வாடகை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு மில்லில் நூற்புப் பகுதியில் வேலை. ஷிப்டு மாறி மாறி வரும். அவர் தூங்கும் நேரத்தில் பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வதே எனக்குத் தனி வேலை. அந்த நாட்களை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது களைப்புதான். காலையில் எழும்போதே களைப்பாக எழுவேன். வாசல் பெருக்கிவிட்டுக் கொஞ்சம் உட்கார வேண்டும், தண்ணீர் பிடித்துவிட்டுக் கொஞ்சம் உட்கார வேண்டும். அலுவலகத்தில் மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று, கீழே யாரையோ தேடுவதுபோல் எட்டிப் பார்ப்பேன். மூச்சு வாங்குவது மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது. இரண்டு பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இது இயல்பு என்று நானே முடிவு செய்துகொண்டிருந்தேன்.

அந்த வருடம் அரசு ஊழியர்களுக்கான விளையாட்டுப் போட்டிக்கு என் பெயரைக் கேட்காமலே கொடுத்துவிட்டார்கள். "நம்ம ஆபீஸ்ல ஓட்டத்துல வேலைக்கு வந்தவங்க ஒருத்தர் இருக்கும்போது வேற யாரைங்க அனுப்பறது?" என்று சூப்பிரண்டு எல்லோர் முன்னாலும் சொன்னார். மறுத்திருக்கலாம். ஆனால் உள்ளுக்குள் சின்ன சந்தோஷம். இன்னும் நான் ஓட்டக்காரிதான் என்று யாரோ நம்புகிறார்களே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு உப்பளம் மைதானத்துக்குப் போனோம். சுடிதார் போட்டிருந்தேன், அவர் வாங்கித் தந்த வெள்ளை கேன்வாஸ் ஷூ. பழைய நினைப்பிலேயே, பழைய வேகத்திலேயே கிளம்பினேன். முதல் வளைவு வரை என் கால்கள் என்னை ஏமாற்றவில்லை. அப்புறம் வாய் உலர்ந்தது, காதுக்குள் யாரோ மாவு அரைப்பதுபோல் ஒரு இரைச்சல். ஒரு சுற்று முடிவதற்குள் கண் இருட்டி, புல்லில் படுத்துவிட்டேன். பெரியவன் குனிந்து என் முகத்தைப் பார்த்து, "அம்மா, ரேஸ் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் யோசித்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளினார்.

"உனக்கு ஒண்ணும் இல்ல. ஒடம்புல தெம்பு இல்ல, அவ்ளோதான். நான் பாத்துக்கறேன்" என்றார்.

மறுநாள் ஷிப்டு முடிந்து வரும்போது அவர் கையில் முதல் பாட்டில் இருந்தது. இரும்புச் சத்து டானிக். அடுத்த வாரம் ஈரல் சத்து டானிக். அதற்கடுத்து மீன் எண்ணெய் மாத்திரை, கால்சியம் மாத்திரை, பாலில் கலக்கும் மாவு ஒரு டின், வெயிலுக்குக் குளுகோஸ். மருந்துக் கடைக்காரர் எதைச் சொன்னாலும் வாங்கிவிடுவார். "பிளேயருங்க எல்லாம் இதத்தான் சாப்பிடறாங்களாம்" என்று சொல்லிக்கொண்டே அலமாரியில் வைப்பார். எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மாவின் தம்பி ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று பிரான்சிலேயே தங்கிவிட்டவர். அவர் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த வைட்டமின் மாத்திரைக் குழாய் ஒன்றும் எங்களுக்கு வந்தது. தண்ணீரில் போட்டால் சீறிக்கொண்டு கரையும், ஆரஞ்சு வாசனை வரும். பிள்ளைகளுக்கு அதைப் பார்ப்பது வேடிக்கை. நான் குடிக்கும்வரை காத்திருந்து, டம்ளரின் அடியில் இருப்பதற்குச் சண்டை போடுவார்கள்.

எல்லாவற்றையும் காலையில் ஒரே வேளையாக முடித்துவிடுவேன். பாலோடு மாத்திரைகள், அதன்மேல் டானிக், டானிக்கின் துரு நாற்றம் போவதற்கு உடனே ஒரு டீ. வயிறு கல்லாக இறுகியது. அதுவும் மருந்து வேலை செய்வதன் அடையாளம் என்று நினைத்தேன்.

ஓட்டப் பயிற்சிக்குக் கடற்கரைச் சாலையைத் தேர்ந்தெடுத்தேன். விடியற்காலையில் அங்கே கூட்டம் இருக்காது, வெளியூர்க்காரர்கள் சிலர் நடப்பார்கள், அதனால் பெண் ஓடுவதை யாரும் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள். இரவு ஷிப்டு வரும் வாரங்களில் அவர் மில்லிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து, என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து அங்கே கொண்டுபோய் விடுவார். பிள்ளைகளை வீட்டுக்காரம்மா பார்த்துக்கொள்வார். சுண்ணாம்பு அடித்த கைப்பிடிச் சுவர் ஓரமாக நான் ஓடுவேன். அவர் பிளாஸ்க்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவரில் உட்கார்ந்திருப்பார். திரும்பி வரும்போது தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருப்பார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும்.

எப்படிப் பயிற்சி செய்வது என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். கல்லூரி நாட்களில் செய்ததை அப்படியே செய்தேன். தினமும் ஓட்டம், ஒரு நாள்கூட விடுவதில்லை. நடுவில் வேகம் கூட்டி ஒரு பாய்ச்சல், கொஞ்சம் நின்று மறுபடி ஒரு பாய்ச்சல். பதினெட்டு வயதில் புல்தரையில் செய்ததை முப்பதை நெருங்கும்போது சிமெண்டுச் சாலையில், அட்டை மாதிரி மெல்லிய ஷூவில் செய்துகொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்பக்கம் வலி ஆரம்பித்தது. முதலில் ஓடும்போது மட்டும். பிறகு ஓடி முடித்த பிறகும். தைலம் தேய்த்து, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். வலியைத் தாங்குவதுதான் பயிற்சி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"வலிக்குதுன்னா ரெண்டு நாள் விடேன்" என்றார் அவர்.

"விட்டா விட்டதுதான். போட்டிக்கு நாள் இல்ல."

"அப்ப ஊசி போட்டுக்கலாமா? கடைக்காரர் சொன்னாரு, சத்து ஊசியாம். செவப்பா இருக்கும்."

ஊசியும் போட்டுக்கொண்டேன். தெருமுனை கிளினிக்கில், ஒரு நாள் விட்டு ஒரு நாள். இடுப்பு வலித்ததுதான் மிச்சம். அலுவலகத்தில் மதியம் பைலின் மேல் தலை சாய்ந்து தூங்கிவிடுவேன். பக்கத்து நாற்காலிக்காரர் பேனாவால் மேசையைத் தட்டி எழுப்புவார். வீட்டில் அரிசி புடைக்கும்போது கை தானாக முறத்துக்கும் வாய்க்கும் போய்வரும். பச்சை அரிசியை மென்றுகொண்டே இருக்கத் தோன்றும். அதை நான் ஒரு நோயாக நினைத்ததே இல்லை.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு காலையில், சாலையில் காந்தி சிலையைத் தாண்டியதும், காலுக்குள் ஏதோ பளீரென்று தெறித்தது. நின்றேன். அடுத்த அடி வைக்க முடியவில்லை. அவர் சுவரிலிருந்து இறங்கி ஓடிவந்தார். தூக்கத்திலிருந்து எழுந்து வந்ததால் ஒரு செருப்பு மட்டும்தான் காலில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து, மயிரிழை போல ஒரு கோட்டைக் காட்டினார். விரிசல். கட்டு வேண்டாம், ஆனால் ஒன்றரை மாதம் ஓடக்கூடாது, அதிகம் நிற்கக்கூடாது என்றார். பிறகு எக்ஸ்ரேயை விட்டுவிட்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ரொம்ப வெளுத்திருக்கீங்களே. ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கிட்டு லேடி டாக்டர பாருங்க."

இரண்டு நாள் கழித்து லேடி டாக்டரிடம் போகும்போது என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்த பாட்டில்கள் அத்தனையையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துவந்தார். தான் எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று டாக்டருக்குத் தெரியவேண்டும் என்று நினைத்திருப்பார். மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். அவரும் களைத்துப்போய்த்தான் இருந்தார். வெளியே பெஞ்சு நிறைய பெண்கள். பாட்டில்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதும் இதும் ஒண்ணுதான், பேர்தான் வேற. இது வெறும் சக்கரை. இந்த மாவுல இருக்கறது உங்க வீட்டுப் பொட்டுக்கடலைலயே இருக்கு. எப்படிச் சாப்பிடறீங்க இதெல்லாம்?"

"காலைல எல்லாத்தையும் பாலோட. அப்புறம் டீ" என்றேன்.

"பாலும் கால்சியமும் டீயும் கூட போனா, இரும்பு ஒடம்புல சேராது. வந்த வழியே போயிடும்." ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "பச்சரிசி திங்கறீங்களா?"

நான் திடுக்கிட்டேன். எனக்கு முன்னால் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "திங்கறா டாக்டர். மொறத்துல இருந்து அள்ளி அள்ளித் திங்கறா."

டாக்டர் அவரை வெளியே இருக்கச் சொன்னார். கதவு சாத்தியதும் என்னிடம் கேட்டார், "மாசா மாசம் எப்படிப் போகுது?"

அதை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சின்னவள் பிறந்து சில மாதத்தில், அடுத்த பிள்ளை வேண்டாம் என்று கருத்தடைக்கு லூப் வைத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்தே மாதத்தில் பத்து நாள் போகும். முதல் நாட்களில் அலுவலகத்துக்கு மாற்றுத் துணி கொண்டுபோவேன், நாற்காலியை விட்டு எழும்போது திரும்பிப் பார்த்துவிட்டு எழுவேன். அந்த நாட்களில்கூடக் கடற்கரைச் சாலையில் ஓடியிருக்கிறேன். தெரிந்த பெண்கள் எல்லோரும், அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும் என்றார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது. துக்கம் என்று சொல்ல முடியாது. அவ்வளவு நேரம் உட்கார்ந்து ஒருவர் கேட்டதே போதுமானதாக இருந்தது.

"எல்லாருக்கும் இப்படி ஆகறதில்ல. உங்களுக்கு லூப்பு ஒத்துக்கல" என்றார் டாக்டர். "ஒடம்புல ரத்தம் பாதிதான் இருக்கு. அரிசி திங்கத் தோணறதும் அதனாலதான். உள்ள போறதவிட வெளிய போறது அதிகம். எத்தனை டானிக் குடிச்சாலும் எப்படிங்க நிக்கும்? இதுல ஓட வேற ஓடியிருக்கீங்க."

லூப்பை எடுத்துவிட்டார். இரும்பு மாத்திரை ஒன்று மட்டும் எழுதினார். இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில், எலுமிச்சைச் சாறோடு, டீ குடிக்காமல். மற்றதெல்லாம் முருங்கைக் கீரை, கேழ்வரகு, மத்தி இனத்துக் கவலை மீன், வாரத்தில் ஒரு நாள் ஈரல் என்று வாயால் சொன்னார். எனக்கு இன்னொரு பிள்ளை இப்போது கூடாது, ஆனால் இந்த ரத்தத்தில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்ய முடியாது, மாத்திரையோ உறையோ யோசித்துச் சொல்லுங்கள் என்றார். கடைசியாக, "மறுபடி ஓடலாமா?" என்று கேட்டேன். வெளியே அவ்வளவு பேர் காத்திருக்கும்போது கேட்கிற கேள்வியா என்று கூச்சமாகவும் இருந்தது.

"ஓடுங்க. ரத்தம் ஏறட்டும், காலு வலிக்காம நடக்க வரட்டும். அப்பறம் ஓடுங்க. ஓடும்போது பேச முடியணும். பேச முடியலைன்னா அந்த வேகம் உங்களுக்கு இப்ப வேணாம்."

என் வீட்டுக்காரர் சைக்கிள் கேரியரில் என்னை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பையில் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன.

"உள்ள இன்னா கேட்டாங்க?" என்றார், பஸ் ஸ்டாண்டு தாண்டியதும்.

சொன்னேன். சைக்கிள் நின்றுவிட்டது.

"இத்தினி நாளா எங்கிட்ட சொல்லலியே."

"இதெல்லாம் எப்படிங்க சொல்றது?"

"எத்தினி பாட்டில் வாங்கியாந்தேன். அப்பகூட வாயத் தொறந்து சொல்லல பாரு." கோபம் இல்லை அந்தக் குரலில். தோற்றுப்போன குரல். வீடு வந்து சேர்ந்ததும் பையை அலமாரியில் வைக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சாப்பிடாமலே ஷிப்டுக்குப் போனார்.

அந்த வருடப் போட்டிக்கு என் பெயரை அடித்துவிட்டார்கள். நான் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். எலுமிச்சைச் சாறோடு மாத்திரை விழுங்கினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் அவர் இரவு ஷிப்டு முடிந்து காலையில் வரவில்லை. பத்து மணியாயிற்று, பதினொன்றாயிற்று. மில்லில் தகராறோ என்று பயந்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நொண்டிக்கொண்டிருந்தேன். மதியம் வந்தார். ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். காலை அகட்டி வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்தார்.

"இன்னாங்க ஆச்சு? எங்க போனீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. ஆபரேஷன் முடிச்சிட்டு வந்துட்டேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. எமர்ஜென்சிக் காலத்தில் வடக்கே ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தார்கள் என்ற பேச்சு ஊரில் இன்னும் அடங்கியிருக்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டாலே ஆண்கள் எழுந்து போய்விடுவார்கள். எங்கள் தெருவில் அதைச் செய்துகொண்டவர் என்று ஒருவரையும் எனக்குத் தெரியாது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீ மட்டும் எங்கிட்ட எல்லாத்தையும் சொன்னியா?" என்று சொல்லிவிட்டு, பாயில் மெதுவாகச் சரிந்தார். "மாத்திரை, அது இதுன்னு இன்னும் எதையாவது உன் தலையில கட்டணுமா? நீ பட்டது போதும்."

"மில்லுல தெரிஞ்சா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நாலு நாள் சிரிப்பானுங்க. அப்புறம் வேற எவனாவது மாட்டுவான்."

சிரித்தார்கள்தான். நாலு நாளுக்கு மேலேயே சிரித்தார்கள். அவர் அதை வீட்டில் சொன்னதில்லை. அவரோடு வேலை செய்பவரின் மனைவி குழாயடியில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கொஞ்ச நாளைக்கு அவர் சைக்கிள் ஏறக்கூடாது, நான் ஓடக்கூடாது. இருவரும் சாயங்காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் கடற்கரைக்குப் போய் மெதுவாக நடந்தோம். பிள்ளைகள் முன்னால் ஓடி, திரும்பி வந்து, எங்களை இழுப்பார்கள். எங்களைவிட வயதானவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். பேசுவதற்கு அதிகம் இல்லை. இருந்தாலும் கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்து நடந்ததில்லை என்பது எனக்குத் தோன்றியது.

ரத்தம் மெதுவாகத்தான் ஏறியது. ஒரு நாள் அரிசி புடைத்து முடித்தபோது வாயில் ஒன்றும் போடவில்லை என்பதைக் கவனித்தேன். இன்னொரு நாள் மாடிப்படியில் நிற்காமல் ஏறிவிட்டேன். களைப்பு முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வேலையும் பிள்ளைகளும் ஷிப்டும் அப்படியேதான் இருந்தன. ஆனால் அது தூங்கினால் தீர்கிற களைப்பாக மாறியிருந்தது. அந்த வித்தியாசம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

மழைக்காலம் முடிந்து ஓட ஆரம்பித்தேன். ஓட்டம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை மெல்ல ஓட்டம், அதற்கடுத்த இரண்டு கம்பத்துக்கு நடை. ஒரு நாள் ஓடினால் மறுநாள் கிடையாது. முடிந்தவரை சிமெண்டுச் சாலையை விட்டுவிட்டு, உப்பளம் மைதானத்துப் புல்லில் ஓடினேன். ஷூவும் கொஞ்சம் தடித்த அடியுள்ளதாக மாற்றிக்கொண்டேன். காலைப் பிடித்து அழுத்திப் பார்த்து, வலி தெரிந்தால் அன்றைக்கு நடை மட்டும்தான். அவர் பக்கத்தில் சைக்கிளில் மெதுவாக உருட்டிக்கொண்டே வந்து ஏதாவது கேட்பார்.

"ராத்திரிக்கு இன்னா கொழம்பு?"

"கவலை மீனு."

"நேத்தும் அதானே?"

"டாக்டரு... சொன்னாங்கல்ல..."

"மூச்சு வாங்குது பாரு. கொறச்சுக்கோ."

பொறுமை இல்லாமல் எத்தனையோ நாள் எரிச்சலாக வந்தது. பதினெட்டு வயதுப் பெண்கள் மைதானத்தில் என்னைச் சுற்றி வளைத்துத் தாண்டிப் போகும்போது, பழைய மெடல்களைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடலாமா என்றுகூடத் தோன்றியது. கூட்டினால் மறுபடி எலும்பு தெறிக்கும் என்ற பயம்தான் என்னை அடக்கியது. மாதங்கள் போயின. கம்பங்கள் கூடின, நடை குறைந்தது.

அடுத்த வருடப் போட்டிக்கு என் பெயரை நானே கொடுத்தேன். சூப்பிரண்டு, "நிச்சயமாங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். போட்டியன்று என் வீட்டுக்காரருக்குப் பகல் ஷிப்டு, வர முடியவில்லை. எண்ணூறு மீட்டருக்கு ஆறு பேர் நின்றோம். விசில் ஊதியதும் ஐந்து பேரும் பாய்ந்துபோனார்கள். என் கால்களும் பாயத்தான் துடித்தன. விடவில்லை. முதல் சுற்று முழுக்கக் கடைசியாகவே ஓடினேன். கரையில் நின்ற யாரோ, "அக்கா, தூங்கிட்டீங்களா?" என்று கத்தினார்கள். இரண்டாவது சுற்றில் முன்னால் போனவர்களில் இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களைத் தாண்டினேன். கடைசி வளைவில் மூன்றாவதாக ஓடிய பெண் எட்டிவிடும் தூரத்தில்தான் இருந்தாள். கொஞ்சம் வேகம் கூட்டிப் பார்த்தேன். கால் ஒன்றும் சொல்லவில்லை, நெஞ்சுதான் போதும் என்றது. நான்காவதாக வந்தேன்.

எங்கள் அலுவலகத்துக்காரர் ஒருவர் வந்து, "இன்னா மேடம், மெடல் கைக்கு வந்து போயிடுச்சே" என்றார். சிரித்து வைத்தேன். அந்த ஓட்டத்துக்குப் பின்னால் எவ்வளவு இருந்தது என்று அவருக்கு எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது? புல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். கண் இருட்டவில்லை. வலது காலை அழுத்திப் பார்த்தேன். வலி இல்லை.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டேன். ஷிப்டு முடிந்து அவர் வந்து முதலில் என் முகத்தைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார்.

"எத்தினியாவது?"

"நாலாவது."

"ஓடி முடிச்சியா?"

"முடிச்சேன்."

"போதும் போ" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். மறுநாள் எனக்கு ஓட்டம் இல்லாத நாள். வெயில் ஜன்னலுக்கு வரும்வரை அசையாமல் தூங்கினேன்.